விப்பெற் நாய்: இயல்பும் பராமரிப்பும்

கண்ணாற் கண்ட இரையைக் காலின் விரைவினாற் பிடிக்கும் நாய்கள் பார்வை வேட்டைநாய்கள் எனப்படும். மோப்பத்தைப் பின்பற்றி நெடுந்தூரம் செல்லும் நாய்களினின்றும் இவை வேறானவை. இங்கிலாந்தின் கிறேகவுண்டு, மேற்காசியாவின் சலுக்கி, தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி ஆகியன இவ்வகையைச் சேர்ந்தன. இவ்வகையுட் சிறியனவற்றுள் ஒன்று விப்பெற்.

விப்பெற் நாயை முதன்முறை காண்போர் பலர் அதனை நோயுற்ற நாய் என எண்ணுவர். வயிறு ஒட்டியிருக்கும்; விலா எலும்புகள் சில தெரியும்; முதுகு வில்போல் வளைந்திருக்கும்; சிறு குளிருக்கும் உடல் நடுங்கும். ஆயின் இவை நோயின் அறிகுறிகள் அல்ல. விரைவுக்கென அமைந்த உடலின் அடையாளங்களாகும். இதனை அறியாது, இரக்கத்தினால் மிகுதியாக ஊட்டுவோரும், வேலியில்லாத வெளியிற் கட்டவிழ்த்து விடுவோரும், வயலுக்குரிய மருந்தை உண்ணிக்கெனப் பூசுவோரும் தம் நாய்க்குத் தாமே கேடு செய்கின்றனர். இந்நாயின் உடல் எதற்காக அமைந்தது என்பதை அறிந்துகொண்டால், அதனைப் பேணும் முறையும் எளிதில் விளங்கும்.

தோற்றமும் வரலாறும்

விப்பெற் இங்கிலாந்திற் தோன்றிய இனமாகும். சிறிய கிறேகவுண்டு நாய்களோடு தெரியர் வகை நாய்களும், பின்னர் இத்தாலியக் கிறேகவுண்டு நாய்களும் கலந்து இவ்வினம் உருவாகியது எனக் கருதப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வட பகுதியிலே, யோக்சயர், இலங்காசயர் முதலிய இடங்களில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் இதனை விரும்பி வளர்த்தனர். பந்தயக் குதிரை வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆகவே விப்பெற் நாயை ஏழையின் பந்தயக் குதிரை என அழைத்தனர். முயல் பிடித்து வீட்டுக்கு இறைச்சி தேடிக் கொடுத்ததும் இந்நாயே.

அக்காலத்தில் நடைபெற்ற ஓட்டப் பந்தயம் குறிப்பிடத்தக்கது. ஓடுபாதை பொதுவாக 200 யார் நீளமுள்ள நேர்ப்பாதையாகும். நாயின் உடைமையாளர் பாதையின் முடிவில் நின்று ஒரு துணியை வீசி உரத்துக் கூப்பிடுவார். தொடக்கத்தில் நாயைப் பிடித்திருப்பவர், வெடியோசை கேட்டதும் அதனைப் பாதையில் வீசி விடுவார். நாய் துணியை நோக்கிப் பாய்ந்தோடும். சிறந்த நாய்கள் ஏறத்தாழ 12 விநாடியில் இத்தூரத்தைக் கடந்தன. நாய்களின் எடைக்கேற்ப அவை புறப்படும் இடம் முன்பின்னாக வகுக்கப்பட்டது. உடைமையாளரின் குரலையும் கையிலுள்ள துணியையும் நாடி ஓடிய இந்நாய்கள், வேலை முடிந்தபின் அவரது வீட்டினுள்ளே குடும்பத்தினருடன் வாழ்ந்தன. இன்றும் இவ்வினம் மனிதரை நெருங்கி வாழ விரும்புவதற்கு இவ்வரலாறு ஒரு காரணமாகலாம்.

அமெரிக்க நாய் வளர்ப்போர் கழகம் 1888 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தின் கழகம் 1891 ஆம் ஆண்டிலும் விப்பெற் நாயைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்தின் பெயர்பெற்ற குறவ்ற்சு நாய்க் கண்காட்சியில் 1992, 2004, 2018 ஆகிய ஆண்டுகளில் விப்பெற் நாய்களே முதலிடம் பெற்றன.

உடலமைப்பு

இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட இலக்கணத்தின்படி ஆண் நாயின் உயரம் தோளளவில் 47 முதல் 51 சென்ரிமீற்றர் வரையும், பெண் நாயின் உயரம் 44 முதல் 47 சென்ரிமீற்றர் வரையும் இருத்தல் வேண்டும். எடை பெரும்பாலும் 10 முதல் 18 கிலோகிராம் வரையாகும். தலை நீண்டு ஒடுங்கியது. காதுகள் சிறியன, மெல்லியன, பின்புறம் மடிந்திருப்பன. மார்பு ஆழமானது, இடை ஒடுங்கியது, பின்னங்கால்கள் தசைப்பற்று மிக்கன. மயிர் மிகக் குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள், நீலச்சாம்பல், வரிநிறம் எனப் பல நிறங்கள் உண்டு.

ஆழ்ந்த மார்பினுள்ளே பெரிய இதயமும் நுரையீரலும் அடங்கியிருக்கின்றன. உடலின் அளவோடு ஒப்பிடுகையில் பார்வை வேட்டைநாய்களின் இதயம் ஏனைய நாய்களின் இதயத்தினும் பெரியது. குருதியிற் செங்குருதிக் கலங்களின் அளவும் கூடுதலாயிருத்தல் இவ்வகை நாய்களுக்கு இயல்பு. ஆகவே குருதிப் பரிசோதனையின்போது, இது பார்வை வேட்டைநாய் என்பதை மிருக வைத்தியருக்கு நினைவூட்டுதல் நன்று.

மூக்கு நீண்ட நாய்களின் விழித்திரையில் நரம்புக் கலங்கள் கிடையான பட்டைபோல் நெருங்கி அமைந்திருக்கும். இதனால் அடிவானத்தை ஒட்டிய பரந்த வெளியில் அசையும் பொருள் எதுவும் அவற்றின் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். அசையாது நிற்கும் முயலைக் காணத் தவறும் நாய், அதே முயல் ஓடத் தொடங்கிய கணத்தில் அதனைக் கண்டுகொள்ளும்.

ஓடும் முறை

விப்பெற் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரு முறை நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழுகின்றன. உடல் முழுவதும் நீண்டு விரிந்த நிலையில் ஒரு முறையும், கால்கள் யாவும் வயிற்றின் கீழ் மடங்கிச் சேர்ந்த நிலையில் மறு முறையும் நாய் காற்றில் மிதக்கின்றது. வளைந்து நிமிரும் முதுகெலும்பு வில்லைப் போலத் தொழிற்படுகின்றது. முதுகு வளைந்திருப்பதன் பயன் இதுவே.

நன்கு பயிற்றப்பட்ட விப்பெற் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீற்றர் விரைவில் ஓடவல்லது. அதாவது ஒரு விநாடிக்கு 15 மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடக்கும். எனினும் இவ்விரைவு நெடுநேரம் நில்லாது. விப்பெற் குறுகிய தூர ஓட்டத்துக்கே உரியது. சில விநாடி பாய்ந்தோடி, பின்னர் நெடுநேரம் உறங்கி ஓய்வுகொள்வது இதன் இயல்பு.

குணம்

வீட்டினுள் இந்நாய் அமைதியானது, பெரும்பாலும் குரைப்பதில்லை, அன்புடையது, சிறுவரோடு இணங்கி வாழும். அந்நியரைக் கண்டால் விலகி நிற்குமேயன்றிச் சீறிப் பாயாது. ஆகவே காவலுக்கு நாய் தேடுவோர் இவ்வினத்தைத் தெரிதல் தகாது.

கடுஞ்சொல்லும் அடியும் இந்நாயை அச்சமுறச் செய்யுமேயன்றிப் பணியச் செய்யா. உணவுத் துண்டொன்றைப் பரிசாக அளித்து, குறுகிய நேரம், பல தடவை பழக்குதலே ஏற்ற முறையாகும். நாள் முழுவதும் தனியே சங்கிலியிற் கட்டப்பட்டால் இந்நாய் மனம் நொந்து, பொருள்களைக் கடித்தும் ஓலமிட்டும் தன் துன்பத்தை வெளிப்படுத்தும். முற்றத்தில் மட்டும் வைத்து வளர்ப்பதற்கு இது ஏற்ற நாயன்று.

இத்துணை மென்மையான நாயினிடத்தும் துரத்தும் இயல்பு மிக வலிமையாயிருக்கும். ஓடும் கோழி, பூனை, முயல், அணில் ஆகியவற்றைக் கண்டவுடன் அது பாயும். இதனைக் கொடுமை எனவோ கீழ்ப்படியாமை எனவோ கொள்ளுதல் தவறு. பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுக்கப்பட்ட இயல்பு இது, தண்டனையினால் நீங்காது. கோழி வளர்க்கும் வீடுகளில் கோழிகளைக் கம்பி வலைக்குள் அடைத்தல் வேண்டும். சிறு குட்டியாயிருக்கும்போதே வீட்டுப் பூனையோடு பழக்கினால் அப்பூனையோடு நட்பாயிருத்தல் கூடும். ஆயின் அயல்வீட்டுப் பூனையையும் அவ்வாறே விட்டுவிடும் என நம்புதலாகாது.

வேலியும் கழுத்துப்பட்டியும்

விப்பெற் நாய்க்கு நேரும் பெருங்கேடுகளுள் ஒன்று வீதி விபத்தாகும். வீதியின் மறுபுறம் ஒரு பூனை ஓடுவதைக் கண்டால், நாய் வாகனத்தைக் காணாது. உடைமையாளரின் குரலையும் கேளாது. அவர் ஒரு முறை கூப்பிட்டு மறுமுறை கூப்பிடுவதற்குள் அது 50 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். நன்கு பழக்கிய நாய் எனினும், சுற்றி அடைக்கப்படாத இடத்திற் கட்டவிழ்த்து விடுதல் கூடாது.

வேலி 5 அடிக்குக் குறையாத உயரமுடையதாயிருத்தல் நன்று. கிடுகு வேலியாயின் அடிப்பகுதியிலுள்ள பொட்டுக்களை அடிக்கடி பார்த்து அடைத்தல் வேண்டும். ஒடுங்கிய உடலுடைய இந்நாய் மிகச் சிறிய பொட்டினூடாகவும் நுழைந்து வெளியேறும். முட்கம்பி வேலி இதற்கு ஏற்றதன்று. விரைந்தோடும்போது முள்ளில் உரசினால் மெல்லிய தோல் துணிபோலக் கிழிந்துவிடும்.

இந்நாயின் தலை ஒடுங்கியதாகையால் சாதாரணக் கழுத்துப்பட்டியினின்றும் அது எளிதில் தலையை உருவிக்கொள்ளும். இழுக்கும்போது அளவோடு இறுகும் அகன்ற, மெத்தென்ற பட்டியையோ, மார்பைச் சுற்றிப் பொருந்தும் வாரையோ பயன்படுத்தல் வேண்டும். நீளமான கயிற்றிற் கட்டி ஓடவிடுதலும் ஆபத்தானது. முழு விரைவில் ஓடும் நாய் கயிற்றின் முடிவில் திடீரெனத் தடுக்கப்படும்போது கழுத்தெலும்பு பெருங் காயமடையக்கூடும்.

உணவு

இந்நாய்க்கு எவ்வளவு உணவு கொடுத்தல் வேண்டும் என்பதைக் கிண்ணத்தின் அளவைக்கொண்டு தீர்மானித்தலாகாது. நாயின் உடலைப் பார்த்துத் தீர்மானித்தல் வேண்டும். நல்ல நிலையிலுள்ள விப்பெற் நாயில் கடைசி விலா எலும்புகள் சில மெலிதாகத் தெரியும். ஏனைய விலா எலும்புகள் கையினால் தடவும்போது எளிதில் உணரப்படும். தொடைகள் திரண்டு உறுதியாயிருக்கும். விலா எலும்புகள் தடவியும் உணரப்படாவிடின் நாய் பருத்துவிட்டது என்பது பொருள். மாறாக, முதுகெலும்பு கூர்மையாக எழுந்தும் தொடைத்தசை வற்றியும் இருப்பின் அது மெலிவாகும். அப்போது பூச்சி நோயோ வேறு நோயோ உண்டோ என ஆராய்தல் வேண்டும். மாதமொரு முறை எடை பார்த்துக் குறித்து வைத்தல் சிறந்த பழக்கமாகும். ஒல்லியான இந்நாயைப் பருக்க வைத்தல் அதன் மெல்லிய கால்மூட்டுக்களுக்கும் இதயத்துக்கும் சுமையேற்றுவதாகும்.

நான்கு மாதம் வரை குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு முறையும், ஆறு மாதம் வரை மூன்று முறையும், அதன்பின் இரண்டு முறையும் உணவளிக்கலாம். சோறு மட்டும் இந்நாயின் தசைக்குப் போதாது. முள் நீக்கிய மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தல் வேண்டும். அவித்த எலும்புகள் சிம்பாகப் பிளந்து குடலைக் குத்துமாதலால் அவற்றைத் தவிர்க்க. வெங்காயம், உள்ளி, திராட்சை, சொக்கலேற்று ஆகியன நாய்க்கு நஞ்சாகும். உப்பு மிகுந்த கருவாடும் ஏற்றதன்று.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வயிறு நிறைய உணவளித்தல் கூடாது. ஓடிக் களைத்த நாய்க்குச் சிறிது சிறிதாக நீர் கொடுத்து, இளைப்பு முற்றாக அடங்கியபின், ஒரு மணி நேரமாவது சென்று உணவளித்தல் வேண்டும்.

பயிற்சியும் வெப்பமும்

வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர நடையும், அடைக்கப்பட்ட வெளியிற் சில நிமிட ஓட்டமும் போதுமானவை. ஓராண்டு நிறையாத நாயை நெடுந்தூரம் ஓட்டுதலும், உயரத்திலிருந்து பாயவிடுதலும் வளரும் எலும்புகளுக்குத் தீங்கு பயக்கும்.

உடல் மெலிந்த நாய் வெப்பத்தை நன்கு தாங்கும் எனச் சிலர் எண்ணுவர். ஓய்வாயிருக்கும் நாய்க்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆயின் பாய்ந்தோடும் தசை குறுகிய நேரத்தில் மிகுந்த வெப்பத்தை உண்டாக்குகின்றது. நாய்க்கு மனிதரைப் போல வியர்வை இல்லை. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றும். காற்று ஈரமாயிருக்கும்போது இவ்வழியும் தடைப்படும். ஆகவே இலங்கையின் தாழ்நிலப் பகுதிகளில் அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பின்னருமே ஓட்டம் பழக்குதல் வேண்டும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு வரையாகும். ஓட்டத்தின்பின் மூச்சிரைப்பு அடங்காமல், நாக்கு கருஞ்சிவப்பாகி, நாய் தள்ளாடினால் அது வெப்பத் தாக்குதலின் அறிகுறி எனக் கொள்க. உடனே நிழலிற் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி, விசிறுதல் வேண்டும். உடலைக் குளிர்விக்கத் தொடங்கியபின்னரே மிருக வைத்தியரிடம் எடுத்துச் செல்லல் வேண்டும். குளிர்விக்காது எடுத்துச் செல்லும் நேரத்திலே நாய் இறந்துபோதல் கூடும்.

கொழுப்புப் படலமும் அடர்ந்த மயிரும் இல்லாமையால் குளிரும் இதற்குப் பகை. நுவரெலியா போன்ற மலைப்பகுதிகளில் இரவில் துணிப் போர்வை அவசியம். எவ்விடத்தும் சீமெந்துத் தரையிற் படுக்கவிடாது மெத்தென்ற படுக்கை கொடுத்தல் வேண்டும். இன்றேல் முழங்கையிலும் இடுப்பிலும் எலும்பு உறுத்திப் புண் உண்டாகும்.

தோலும் உண்ணியும்

நாள்தோறும் உடலைத் தடவிப் பார்த்தல் இந்நாய்க்குச் செய்யவேண்டிய முதற் பணி. மயிர் குட்டையாகையால் உண்ணி, தெள்ளு ஆகியன எளிதிற் கண்ணுக்குத் தெரியும். காதின் உட்புறம், கால் விரலிடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களைக் கவனமாகப் பார்க்க. உண்ணிகள் குருதிக் கலங்களை அழிக்கும் உண்ணிக் காய்ச்சலைப் பரப்புகின்றன. இலங்கையில் நாய்களிடத்து இந்நோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. காய்ச்சல், உணவு வெறுப்பு, வெளிறிய முரசு, கருஞ்சிவப்பான சிறுநீர் ஆகியன இதன் அறிகுறிகள். முரசு வெளிறியதைக் கண்டால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

உண்ணியை அழிக்கும் அவசரத்தில், பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியை நீரிற் கலந்து நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் மிகக் கொடியது. எந்த நாய்க்கும் இது நஞ்சாகும். தோல் மெல்லியதும் உடற் கொழுப்பு மிகக் குறைந்ததுமான விப்பெற் நாய்க்கு ஆபத்து இன்னும் கூடுதலாகும். வாயில் நீர் வடிதல், தசை துடித்தல், வலிப்பு ஆகியன உண்டாகி நாய் இறக்கலாம். மாட்டுக்கென விற்கப்படும் உண்ணி மருந்தையும் அளவு ஊகித்துப் பயன்படுத்தலாகாது. நாய்க்கென ஆக்கப்பட்ட மருந்தை, எடை பார்த்து, மிருக வைத்தியர் கூறும் அளவிலேயே கொடுத்தல் வேண்டும்.

கிழிந்த காயம் சிறியதாகத் தோன்றினும் சுத்தமான நீரினாற் கழுவி, சுத்தமான துணியினாற் கட்டி, தையல் வேண்டுமோ என வைத்தியரிடம் காட்டுக. நகங்களை இரு வாரத்துக்கு ஒரு முறை நறுக்குக. நீண்ட நகம் ஓட்டத்தின்போது பிய்ந்து விரலையும் முறிக்கும். பற்களில் ஊத்தை படிதல் இவ்வினத்திற் சாதாரணமாகையால் மென்மையான தூரிகையால் அடிக்கடி துலக்குதல் நன்று.

மயக்க மருந்து

சத்திரசிகிச்சைக்கு முன் உடைமையாளர் அறிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தயோபென்டோன் போன்ற சில மயக்க மருந்துகள் கொழுப்பு இழையத்திற் பரவுவதனால் சாதாரண நாய்களில் மயக்கம் விரைவில் தெளிகின்றது. பார்வை வேட்டைநாய்களிற் கொழுப்பு மிகக் குறைவு. மேலும் கிறேகவுண்டு நாய்களின் ஈரல் இம்மருந்துகளை மிக மெதுவாகவே சிதைக்கின்றது என்பதும் அறியப்பட்டுள்ளது. இதனால் மயக்கம் நீடித்து உயிருக்கு ஆபத்து நேரலாம். இக்காலத்தில் வேறு ஏற்ற மருந்துகள் உள. நாயின் இனத்தை வைத்தியரிடம் முன்கூட்டியே தெரிவித்தலும், சிகிச்சையின்பின் நாயை வெப்பமாகப் போர்த்தி வைத்தலும் உடைமையாளரின் கடமையாகும்.

நோய்த் தடுப்பு

நீர்வெறுப்பு நோய்க்கு எதிரான தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது போடுவித்தல் வேண்டும். நோயின் அறிகுறி தோன்றியபின் அதற்கு மருந்தில்லை. நாய் கடித்தால், எந்த நாயாயினும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். குட்டிப் பருவத்தில் டிசுற்றெம்பர், பாவோ ஆகிய நோய்களுக்கு எதிரான தடுப்பூசிகளையும் குடற்புழு மருந்தையும் வைத்தியர் குறிக்கும் ஒழுங்கிற் கொடுப்பிக்க. இத்தொடர் முடியும்வரை குட்டியைக் கட்டாக்காலி நாய்கள் நடமாடும் இடத்தில் விடுதல் கூடாது. நன்கு பேணப்படும் விப்பெற் பொதுவாக 12 முதல் 15 ஆண்டு வரை வாழும்.

இனப்பெருக்கம்

விரைவு ஒன்றையே நோக்கிச் சோடி சேர்த்தலின் விளைவை 2007 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. தசை மிகையாக வளர்வதைத் தடுக்கும் மயோசுற்றற்றின் என்னும் புரதத்துக்குரிய மரபணுவில், சில விப்பெற் நாய்களில் ஒரு சிறு குறைபாடு உண்டு. தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குறைபாட்டைப் பெற்ற நாய் கூடுதலான தசையுடையதாய் மிக விரைந்து ஓடும். இருவரிடமிருந்தும் பெற்ற நாயோ இரு மடங்கு தசை திரண்டு, விப்பெற் என்றே அடையாளம் காணமுடியாத தோற்றத்தைப் பெறும்.

ஆகவே குறைபாட்டை ஒற்றையாகவுடைய விரைந்தோடும் நாய்கள் இரண்டைச் சோடி சேர்த்தால், பிறக்கும் குட்டிகளுள் நான்கில் ஒன்று இவ்வாறு பிறக்கும் என எதிர்பார்க்கலாம். ஓட்டத்திற் சிறந்தது என்பதற்காக மட்டும் ஒரு நாயை இனப்பெருக்கத்துக்குத் தெரிதலாகாது. மரபணுப் பரிசோதனையினால் இதனை முன்னரே அறிய இயலும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்களாகும். குட்டிகளுக்குத் தக்க இல்லங்களை முன்கூட்டியே தேட இயலாதவர் கருத்தடைச் சிகிச்சை செய்வித்தலே நலம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. விலா எலும்பு மெலிதாகத் தெரிதல் இவ்வினத்துக்கு இயல்பு. அதனை மறைக்க முயன்று நாயைப் பருக்க வைத்தலாகாது.

2. அடைக்கப்படாத வெளியிற் கட்டவிழ்த்தல் கூடாது.

3. நண்பகல் வெயிலில் ஓடவிடுதல் கூடாது.

4. பயிருக்குரிய பூச்சிநாசினியை நாயின் உடலிற் படவிடுதலாகாது.

5. மயக்க மருந்து கொடுக்குமுன் நாயின் இனத்தை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

6. ஆண்டுதோறும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி போடுவித்தல் வேண்டும்.

காவலுக்கும் தனிமைக்கும் ஏலாத இந்நாயை, வீட்டில் இடமும், உயர்ந்த வேலியும், நாள்தோறும் ஒரு மணி நேர ஓய்வும் உடையோரே வளர்த்தல் தகும். அவ்வசதி இல்லாதோர் தம் சூழலுக்கு இசைந்த வேறு நாயைத் தெரிதல், தமக்கும் நாய்க்கும் ஒருங்கே நன்மை பயக்கும்.